கிணற்று வாளியின் எடை

கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது கையிலேயே பதிந்திருக்கும். வாளி நிரம்பி நீருக்குள் கிடக்கும்வரை கயிற்றில் பாரமே தெரியாது. ஒற்றைக் கையால் லேசாக இழுத்தாலே வருகிறது. வாளியின் விளிம்பு நீர்மட்டத்தைத் தாண்டி மேலே எழும் கணத்தில்தான் கயிறு விறைக்கிறது, உருளை கிறீச்சிடுகிறது, தோள் இறங்குகிறது. வாளிக்குள் இருப்பது அதே தண்ணீர்தான், ஒரு சொட்டும் கூடவில்லை. அப்படியானால் அந்த எடை எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அமெரிக்காவின் ஏதாவது ஓர் ஏரிக்குப் போவோம். மினசோட்டாவிலோ புளோரிடாவிலோ, கோடை விடுமுறை நாளின் காலை. ஒரு சிறு மோட்டார் படகு படித்துறையில் கட்டியிருக்கிறது. இரண்டு இளைஞர்கள் ஒரு குழாயின் ஒரு முனையை ஏரிக்குள் போடுகிறார்கள், மறுமுனையைப் படகுக்குள் கிடக்கும் பெரிய பையில் செருகுகிறார்கள். பம்பு உறுமத் தொடங்குகிறது. ஏரித் தண்ணீர் படகுக்குள் ஏறுகிறது. நூறு லிட்டர், இருநூறு, ஐநூறு.

மனிதன் படகு கட்டிய நாளிலிருந்து உள்ளே வந்த நீரை வெளியே இறைப்பதுதான் வழக்கம். இவர்கள் அரை டன் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிய பம்பால் உள்ளே ஏற்றுகிறார்கள். படகுக்குப் பின்னால் எழும் அலை பெரிதாக வேண்டும் என்பதற்காக. நீருக்குள் எடையே தெரியாத தண்ணீர், நீரில் மிதக்கும் படகை எப்படி அழுத்தும்? கிணற்று வாளியின் கேள்வியும் இந்தக் கேள்வியும் ஒன்றேதான்.

அலை வேண்டாத படகு

விடைக்கு முன் இந்தப் படகுகளின் கதை. படகு இழுக்க நீர்மேல் சறுக்கும் விளையாட்டான நீர்ச்சறுக்கு பிறந்த ஊர் மினசோட்டா மாநிலத்தின் லேக் சிட்டி. மிசிசிப்பி ஆறு அங்கே அகன்று பெப்பின் ஏரியாகக் கிடக்கிறது. 1922 கோடையில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயது இளைஞர், பனிமேல் சறுக்க முடிகிறதென்றால் நீர்மேல் ஏன் முடியாது என்று இறங்கிவிட்டார். பீப்பாய்ப் பலகையைக் காலில் கட்டிப் பார்த்தார், பனிச்சறுக்குக் கட்டையைக் கட்டிப் பார்த்தார். இரண்டிலும் மூழ்கினார். கடைசியில் எட்டடி நீளப் பலகைகள் இரண்டை எடுத்து, முனைகளை வெந்நீரில் பதப்படுத்தி மேல்நோக்கி வளைத்தார். அந்த முனைகளை நீருக்கு மேலே நிறுத்திப் பின்னால் சாய்ந்தபோது படகு அவரை இழுத்துக்கொண்டு போனது. அது ஜூலை 2. மறுநாள் அவருக்கு 19 வயது.

பிறகு விளையாட்டு வளர்ந்து போட்டியானது. போட்டிகளில் ஒன்று வளைந்து வளைந்து ஓடும் ‘ஸ்லாலம்’. 259 மீட்டர் நீளப் பாதையில் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 11.5 மீட்டர் தள்ளி ஆறு மிதவைகள் இருக்கும். படகு நடுவில் நேராகப் போகும், வீரர் ஒவ்வொரு மிதவையையும் சுற்றிவர வேண்டும். ஆண்களுக்கான உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர். 16 விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். ஒரு மிதவையிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு முறையும் படகின் பின்னால் எழும் அலையைக் கடக்க வேண்டும். அந்த வேகத்தில் ஒரு சாண் மேடு என்பது சாலையில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தடை மாதிரி. ஆளைத் தூக்கி எறிந்துவிடும்.

எனவே படகு கட்டியவர்களின் கனவெல்லாம் தடமே விடாத படகுதான். 1961-ல் கரெக்ட் கிராஃப்ட் நிறுவனம் கொண்டுவந்த ஸ்கீ நாட்டிக், 1968-ல் டென்னசியில் தொடங்கிய மாஸ்டர்கிராஃப்ட் ஆகியவை அந்தக் கனவின் குழந்தைகள். எடை குறைவு, பின்பகுதியின் அடி கிட்டத்தட்டத் தட்டை, எஞ்சின் படகின் நடுவில். வேகம் பிடித்ததும் இந்தப் படகுகள் நீரின்மேல் ஒரு கோடு மட்டும் கிழித்துவிட்டுப் போகும். பல பத்தாண்டு உழைப்பின் பலன் அது.

அலையைத் தேடி வந்தவர்கள்

1985-ல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவைச் சேர்ந்த டோனி ஃபின், அலைச்சறுக்குப் பலகையையும் நீர்ச்சறுக்கையும் சேர்த்து ‘ஸ்கர்ஃபர்’ என்ற பலகையைக் கொண்டுவந்தார். கடலலைக்குக் காத்திருக்க வேண்டாம், படகே இழுக்கும். 1990-ல் ஹெர்ப் ஓ’பிரையன் நீருக்குள் எளிதில் அமிழக்கூடிய, அச்சில் அழுத்தி வார்த்த பலகையை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் விளையாட்டு வேகமெடுத்தது. அதுதான் வேக்போர்டு. இரு பாதங்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நின்றபடி, படகு எழுப்பும் அலையின்மேல் ஏறி வானத்துக்குத் தாவுவது. காற்றில் ஒரு குட்டிக்கரணம் போட்டு அடுத்த பக்கத்து அலையின் சரிவில் இறங்குவது.

படகு பின்னால் விட்டுச்செல்லும் அந்த அலையை இனி ‘வால் அலை’ என்போம். வேக்போர்டுக்காரருக்கு வால் அலைதான் தாவு மேடை. மேடை உயரமாக வேண்டும், சரிவு வழவழப்பாக வேண்டும், உச்சியில் நுரை தள்ளக்கூடாது. ஆனால் அன்றைக்கு ஏரிகளில் இருந்ததெல்லாம் அலையை ஒழிப்பதற்கென்றே கட்டிய படகுகள். அலைக்கென்றே, இழுகயிறு கட்டும் கோபுரமும் நீர்த்தொட்டியும் வைத்துக் கட்டிய படகுகள் 1990-களின் பிற்பகுதியில்தான் வரத் தொடங்கின. அதுவரை கையில் இருந்த ஸ்கீ படகையே, அதாவது நீர்ச்சறுக்குப் படகையே, வைத்துச் சமாளித்தார்கள். அந்த மாதிரிப் பழைய படகை வைத்திருப்பவர்கள் இன்றும் சமாளிக்கிறார்கள். நண்பர்களை நிறைய ஏற்றிக்கொண்டால் அலை பெரிதாவதைக் கண்டார்கள். நண்பர்கள் எப்போதும் வருவதில்லை, வந்தாலும் ஒரே இடத்தில் உட்காருவதில்லை. அப்போதுதான் தண்ணீர்ப் பை நினைவுக்கு வந்தது.

படகை யார் சுமக்கிறார்கள்?

நிற்கும் படகின் கதை ஆர்க்கிமிடீஸ் காலத்திலேயே தீர்ந்துவிட்டது. படகு தன் எடைக்குச் சமமான நீரை ஒதுக்கித் தள்ளிவிட்டு அந்தப் பள்ளத்தில் உட்காருகிறது. 1,600 கிலோ படகென்றால் 1,600 லிட்டர் நீர் நகர்ந்து வழிவிட வேண்டும். அவ்வளவுதான்.

ஓடும் படகு வேறு. குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தத்தவிட்டவர்களுக்கு இது தெரியும். சில்லு மிதக்காது, கையிலிருந்து விட்டால் நேராக அடிக்குப் போகும். அதையே சாய்வாக வேகத்தோடு எறிந்தால் நீர்மேல் நாலைந்து தத்து தத்திப் போகிறது. அதன் அடிப்பக்கம் நீரைக் கீழே தள்ளுகிறது, நீர் அதை மேலே தள்ளுகிறது. ஸ்கீ படகும் வேகம் பிடித்ததும் இப்படித்தான். முகப்பு சற்றே உயர்ந்து, அடித்தளம் சாய்ந்து, எதிரே வரும் நீரையெல்லாம் கீழே அமுக்கிக்கொண்டே போகிறது. பள்ளத்தில் உட்கார்ந்திருந்த படகு பள்ளத்தை விட்டு எழுந்து நீர்மேல் வழுக்குகிறது. இதற்குச் ‘சறுக்கோட்டம்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

படகு பள்ளத்தை விட்டு எழுந்துவிட்டதால் எடை குறைந்துவிட்டதா என்றால், இல்லை. சுமக்கும் வேலை வேறு விதமாக நடக்கிறது. படகு எவ்வளவு எடையோ அவ்வளவுக்கு ஈடாக நீரைக் கீழே அமுக்கியே ஆக வேண்டும். அமுக்கப்பட்ட நீர் படகு போனதும் சும்மா இருக்குமா? படகின் பின்பலகைக்குப் பின்னால் ஒரு வெற்றுப் பள்ளம் திறந்து கிடக்கிறது. இரண்டு பக்கத்து நீரும் அந்தப் பள்ளத்தை நிரப்பப் பாய்கின்றன, நடுவில் மோதுகின்றன, மேலே எழுகின்றன, இருபுறமும் சரிந்து விரிகின்றன. வால் அலை என்பது இந்தப் பள்ளம் மூடும் காட்சிதான். எடை கூடினால் பள்ளம் ஆழமாகும். பள்ளம் ஆழமானால் அது மூடும்போது எழும் மேடும் உயரும்.

ஒரு மீட்டர் நீரின் பங்கு

இப்போது ஒரு கணக்கு. நம் படகு ஆறு மீட்டர் நீளப் பழைய ஸ்கீ படகு. வெற்றுப் படகு 1,200 கிலோ. ஆட்கள் நாலு பேர், 300 கிலோ. எரிபொருள், கயிறு, மிதவைச் சட்டை என்று இன்னொரு 100. மொத்தம் 1,600 கிலோ.

இஸ்திரிப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டைமேல் வேகமாக ஓட்டினால் சுருக்கம் போகாது. மெதுவாக ஓட்டினால் அமுங்கும். பெட்டியில் கரியை நிரப்பிப் பாரத்தையும் கூட்டி மெதுவாக ஓட்டினால் இன்னும் நன்றாக அமுங்கும். பெட்டியின் பாரம் எவ்வளவு, துணியின் ஒவ்வொரு விரற்கடையிலும் அது தங்கும் நேரம் எவ்வளவு என்ற இரண்டும்தான் கணக்கு. படகுக்கும் நீருக்கும் இதே உறவுதான். படகின் எடையை, அது ஒரு விநாடியில் கடக்கும் மீட்டர்களால் வகுத்தால், பாதையில் ஒவ்வொரு மீட்டர் நீரும் ஏற்கும் பங்கு கிடைக்கும்.

நீர்ச்சறுக்கு வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 16 மீட்டர். 1,600-ஐ 16-ஆல் வகுத்தால் 100. இது நம் அடிப்படை எண்.

வேக்போர்டுக்கு அவ்வளவு வேகம் வேண்டாம். மணிக்கு 36 கிலோமீட்டர், விநாடிக்கு 10 மீட்டர் என்று வைப்போம். அதே படகு, அதே நாலு பேர். 1,600-ஐ 10-ஆல் வகுத்தால் 160. வேகத்தைக் குறைத்ததிலேயே பங்கு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது, ஒரு லிட்டர் தண்ணீர்கூட ஏற்றாமல். மெதுவாகப் போகும் படகு ஏன் பெரிய அலை எழுப்புகிறது என்று வியந்திருந்தால் பாதி விடை இதுதான்.

இப்போது 500 லிட்டர் ஏற்றுகிறோம். ஒரு லிட்டர் நன்னீர் ஒரு கிலோ, ஆக 2,100 கிலோ. பத்தால் வகுத்தால் 210. நீர்ச்சறுக்குப் படகாக இருந்தபோது 100, இப்போது 210. அதே அடித்தளம், அதே எஞ்சின், ஒவ்வொரு மீட்டர் நீருக்கும் இரண்டு மடங்குக்கு மேல் அமுக்கம். அலையின் உயரத்தை இந்த எண் அப்படியே சொல்லிவிடாது, படகின் வடிவமும் அதில் கலந்திருக்கிறது. ஆனால் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறோம் என்பது தெரிந்துவிடுகிறது.

மற்றப் பாதி விடை அலையின் நீளத்தில் இருக்கிறது. 1870-களில் இங்கிலாந்தின் டார்க்கி நகரில் வில்லியம் ஃப்ரூட் என்ற பொறியாளர் நீளமான நீர்த்தொட்டி கட்டி, கப்பல் பொம்மைகளை இழுத்து இழுத்து அலைகளை அளந்தார். கப்பலோடு கூடவே ஓடும் அலைக்கு ஒரு விதி உண்டு. வேகம் இரட்டித்தால் அலையின் நீளம் நான்கு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டரில் ஓர் உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் இடையே சுமார் 64 மீட்டர், 58-ல் சுமார் 166 மீட்டர். ஒரே உயரத்தை நீளமாக இழுத்து விரித்தால் சரிவு மெலியும், குறுக்கினால் செங்குத்தாகும். வேகத்தைக் குறைப்பவர் அலையைப் பெருக்குவது மட்டுமில்லை, நிமிர்த்தவும் செய்கிறார்.

அப்படியானால் இன்னும் மெதுவாகப் போனால் என்ன? ஓரளவுக்கு மேல் பள்ளம் படகுக்கு மிக அருகிலேயே மூடிக்கொள்கிறது, உச்சி நிற்க முடியாமல் நுரையாகச் சரிகிறது. நுரையில் பலகைக்குப் பிடிப்பு இல்லை. அனுபவசாலிகள் அந்த நேரத்தில் வேகத்தை மணிக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூட்டுவார்கள். நுரை அடங்கி மேடு வழவழப்பாகும்.

ஆறு சென்டிமீட்டர்

ஏரிப் படித்துறைக்குத் திரும்புவோம். பாரத்துக்காகப் படகில் ஏற்றுவதற்குத் தமிழில் ‘அடிப்பாரம்’ என்று சொல்லலாம். கப்பல்காரர்கள் பலாஸ்ட் என்பார்கள். இங்கே அடிப்பாரம் இரண்டு பைகள். தார்ப்பாய் போன்ற தடித்த பிளாஸ்டிக் துணி. விளையாட்டுக்காரர்கள் செல்லமாக ‘ஃபேட் சாக்’ என்று கூப்பிடுவது இதைத்தான், கொழுத்த பை. இப்போது கொழுக்கவில்லை. ஈரச் சாக்கைப் போல மடிந்து, எஞ்சின் பெட்டியின் இரண்டு பக்கமும் கிடக்கின்றன.

படகின் வெளிப்பக்கம், நீர்மட்டம் தொடும் இடத்தில் ஒருவர் நாடா ஒட்டுகிறார். பேட்டரியில் கம்பிகளை மாட்டியதும் பம்பு ஓடுகிறது. முதலில் குழாய் துள்ளுகிறது, காற்று கொப்புளிக்கிறது, பிறகு ஒழுங்கான ஒரு முனகல். பையின் மடிப்புகள் ஒவ்வொன்றாக விரிகின்றன. மணிக்கு 3,000 லிட்டர் என்று எழுதியிருக்கும் பம்பு, குழாயின் நீளமும் ஏற்றமும் தின்றது போக 500 லிட்டரை நிரப்பக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. பை நிரம்பி விறைத்ததும் மூடியைச் சற்றே திறந்து மிச்சக் காற்றை வெளியே விடுகிறார்கள். மூடியிலிருந்து தண்ணீர் எட்டிப் பார்த்ததும் இறுக்கி மூடுகிறார்கள்.

நாடாவைப் பாருங்கள், அது நீருக்குள் போய்விட்டது. எவ்வளவு ஆழத்துக்கு என்று கணக்கிலேயே சொல்லிவிடலாம். நீர்மட்டத்தில் இந்தப் படகின் பரப்பு சுமார் 8 சதுர மீட்டர். 500 லிட்டரை அந்தப் பரப்பில் பரப்பினால் ஆறு சென்டிமீட்டரும் கொஞ்சமும் வரும். நாலு விரல் அகலத்துக்கும் குறைவு. கரையிலிருந்து பார்ப்பவருக்குப் படகு மாறவே இல்லை என்று தோன்றும். எஞ்சினுக்கு மட்டும் தெரியும். நீரை விட்டு எழுந்து சறுக்கோட்டம் பிடிக்க முன்பைவிட நேரமாகிறது, எரிபொருள் கூடுதலாகக் குடிக்கிறது. சிலர் இதற்காகவே முறுக்கம் குறைந்த சுழலியை மாற்றி மாட்டுவார்கள். ஏற்றம் ஏறச் சைக்கிளில் கியரை மாற்றுவது போல.

எங்கே வைப்பது

எங்கே வைப்பது என்பதில்தான் கைப்பக்குவம். பாரம் முழுவதையும் பின்னால் வைத்தால் பின்பகுதி அமிழ்ந்து வால் அலை உயரமாகவும் செங்குத்தாகவும் வரும். ஆனால் முகப்பு வானத்தைப் பார்க்கும், ஓட்டுநருக்கு எதிரே இருப்பது தெரியாது, அலை குட்டையாக முடிந்துவிடும். முகப்பில் கொஞ்சம் பாரம் வைத்தால் அலை நீண்டு, சரிவு சீராகும். மூன்றில் இரண்டு பங்கு பின்னால், ஒரு பங்கு முன்னால் என்று தொடங்கி அங்கிருந்து இருபது கிலோ, முப்பது கிலோவாக நகர்த்திப் பார்ப்பது நல்ல வழி.

இடம் வலம் சமமாக இருக்க வேண்டும். இருபுறமும் தாவப்போகிறவருக்கு ஒரு பக்க அலை உயர்ந்து மறுபக்கம் நுரைத்தால் பயனில்லை. அமெரிக்கப் படகுகளில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவார் என்பதால் இடப்பக்கப் பையில் சற்றே கூடுதலாக ஏற்றுவார்கள்.

முகப்பில் அதிகம் வைப்பதுதான் ஆபத்து. ஓட்டம் நின்றதும் படகு எழுப்பிய அலையே திரும்பி வந்து படகை எட்டும். விழுந்தவரை ஏற்றிக்கொள்ள அவசரமாகத் திரும்பும்போது முகப்பு தாழ்ந்திருந்தால், எதிரே வரும் தன் அலையைத் தானே விழுங்கிவிடும். திறந்த முகப்புள்ள படகில் ஒரே அலையில் இருநூறு முந்நூறு லிட்டர் உள்ளே கொட்டும். 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளில் எவ்வளவு எடை ஏற்றலாம் என்று ஒரு தகடு பதித்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். பைத் தண்ணீரும் அந்தக் கணக்கில் சேரும். ஐநூறு லிட்டர் ஏற்றியவர் ஆறேழு பேரை ஏற்றிவிட்டார் என்றே அர்த்தம். மீதி இடம் இருக்கிறதே என்று ஆட்களையும் ஏற்றுவதை நான் எந்த வகையிலும் ஏற்க மாட்டேன்.

நிறைகுடம்

பையை விறைக்கும்வரை நிரப்பிக் காற்றையும் வெளியேற்றினார்களே, அது ஏன்? பாதி நிரப்பினால் பாதிப் பாரம்தானே, அதில் என்ன கெடுதி?

நிறைகுடம் தளும்பாது என்ற பழமொழியை நற்குணத்துக்குச் சொல்கிறோம். அது முதலில் இடுப்பில் குடம் சுமந்தவர்கள் கண்ட இயற்பியல். பாதிக் குடத்தைச் சுமந்து நடந்தால் தண்ணீர் நம் நடைக்கு எதிர்நடை போடும். நாம் இடப்பக்கம் சாய்ந்தால் தண்ணீரும் இடப்பக்கம் ஓடி நம்மை மேலும் சாய்க்கும். படகில் பாதி நிரம்பிய பை செய்வதும் இதுதான். படகு திரும்பும்போது தாழ்ந்த பக்கம் நோக்கித் தண்ணீர் ஓடுகிறது. பாரம் எங்கே வேண்டாமோ அங்கே போய்ச் சேருகிறது. மிதப்பு படகை நிமிர்த்தப் பார்க்கிறது, தண்ணீர் கவிழ்க்கப் பார்க்கிறது.

இந்தத் தளும்பலின் தீமை நீரின் அளவைவிட, நீர் ஓடக் கிடைக்கும் அகலத்தையே அதிகம் பொறுத்தது. அகலம் பாதியானால் தீமை எட்டில் ஒரு பங்காகக் குறையும். இரண்டு மீட்டர் அகலத்துக்கு ஒரே பை போடுவதற்குப் பதில் ஒரு மீட்டர் அகலத்தில் இரண்டு பைகளை அருகருகே போட்டால், ஒவ்வொன்றும் எட்டில் ஒன்று, இரண்டும் சேர்ந்து நான்கில் ஒன்று. அதே தண்ணீர், அதே எடை, நடுவில் ஒரு தடுப்பு மட்டும் கூடுதல். தண்ணீர் லாரியின் தொட்டிக்குள் தகடுகள் வைத்துத் தடுத்திருப்பதும் இதே குடும்பத்து உபாயம்தான்.

வீட்டில் ஒரு வாளி நீரில் ஐஸ்கிரீம் டப்பாவை மிதக்கவிட்டு இதைப் பார்க்கலாம். டப்பாவுக்குள் அரை டம்ளர் தண்ணீரை அப்படியே ஊற்றி விரலால் ஒரு தட்டு தட்டுங்கள், நின்று நின்று ஆடும். அதே அரை டம்ளரை ஒரு சிறு பிளாஸ்டிக் உறையில் காற்றில்லாமல் இறுக்கிக் கட்டி வைத்துத் தட்டுங்கள். இரண்டு ஆட்டத்தில் அடங்கிவிடும். டப்பாவை எடுத்துவிடாதீர்கள், அது இன்னும் தேவைப்படும்.

ஈயமா, தண்ணீரா

ஈயக் குண்டுகள் நிரப்பிய சிறு பைகளையும் சிலர் அடிப்பாரமாக வைக்கிறார்கள். வசதிதான். ஈயம் நீரைப் போல 11 மடங்குக்கு மேல் அடர்த்தியானது, 500 கிலோ ஈயம் 44 லிட்டர் இடத்தில் அடங்கிவிடும். தளும்பாது, பம்பு வேண்டாம். தண்ணீரோ கால் வைக்கக்கூட இடமில்லாமல் படகை அடைத்துக்கொள்கிறது.

இங்கேதான் கிணற்று வாளி திரும்ப வருகிறது.

வாளி நீருக்குள் இருந்தபோது அதன் எடையைக் கிணற்று நீரே சுமந்தது. மேலே வந்ததும் அந்தச் சுமை நம் தோளுக்கு மாறியது. படகுக்குள் இருக்கும் பை, கிணற்றுக்கு மேலே தூக்கிய வாளி. அது ஏரி மட்டத்துக்குக் கீழே கிடக்கலாம், ஆனால் அதைச் சுற்றி இருப்பது காற்று. ஏரி நீரை வெளியே தடுத்து நிறுத்தியிருக்கும் படகின் சுவர்தான் நம் தோள். அதனால்தான் 500 லிட்டரும் 500 கிலோவாகப் படகை அழுத்துகிறது.

இப்போது மோசமானதை நினைத்துப் பாருங்கள். ஓர் அலை முகப்பில் ஏறி படகு விளிம்புவரை நீரால் நிரம்பிவிட்டது. படகின் ஓட்டுக்குள் மிதவை நுரை அடைத்திருக்கிறார்கள், அதுதான் இனிக் காப்பாற்ற வேண்டும். அடிப்பாரம் ஈயமாக இருந்தால் நீருக்குள்ளும் அது 456 கிலோவாகக் கீழே இழுக்கும். நுரை சுமக்க வேண்டிய கணக்கில் இந்த எண் இருந்திருக்காது. அடிப்பாரம் தண்ணீராக இருந்தால்? பையின் உள்ளே ஏரி நீர், வெளியே ஏரி நீர். வாளி மறுபடி கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. 500 கிலோவும் ஒரே கணத்தில் சுழியம். தேவைப்படும் நேரத்தில் அரை டன்னாகவும், ஆபத்து வந்த நேரத்தில் ஒன்றுமில்லாததாகவும் மாறக்கூடிய வேறொரு பாரத்தை நான் அறியேன்.

ஐஸ்கிரீம் டப்பாவில் இதையும் பாருங்கள். தண்ணீர் உறை இருக்கும் டப்பாவை நீரில் மெல்ல அமிழ்த்தி நிரப்புங்கள். விளிம்பளவுக்கு அமிழ்ந்து, மேலும் போகாமல் மிதந்தபடி நிற்கும், அந்தப் பிளாஸ்டிக் நீரைவிட லேசானது என்பதால். உறையை எடுத்துவிட்டு இரண்டு கூழாங்கற்களைப் போட்டு அதையே செய்யுங்கள். நேராக அடிக்குப் போய்விடும்.

ஏரிக்குத் திருப்பிக் கொடுப்பது

சாயங்காலம். கடைசித் தாவல் முடிந்தது. பைகளை அதே ஏரியில், படகைக் கரையேற்றுவதற்கு முன்பே காலி செய்கிறார்கள். வண்டியில் அரை டன்னை இழுத்துக்கொண்டு போக வேண்டாம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கண்ணுக்குத் தெரியாதது.

1988-ல் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே இருக்கும் செயின்ட் கிளேர் ஏரியில் வரிக்குதிரைச் சிப்பி என்ற, விரல் நகமளவுச் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. அது ஐரோப்பாவிலிருந்து வந்த சரக்குக் கப்பல்களின் அடிப்பார நீரில் பயணித்து வந்தது. அங்கே ஏற்றிய தண்ணீரை இங்கே கொட்டியிருக்கிறார்கள், அதில் இளம் சிப்பிகள் இருந்திருக்கின்றன. பின்னர் அவை ஏரி ஏரியாகப் பரவி, நீரேற்றுக் குழாய்களை அடைத்து, ஊர்ச் சிப்பிகளின்மேல் ஒட்டி அவற்றை மூச்சடைக்க வைத்தன. கப்பல்களின் அடிப்பார நீரைக் கட்டுப்படுத்த 2004-ல் எழுதிய சர்வதேச ஒப்பந்தம் 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. நம் கொழுத்த பை அந்தக் கப்பல் தொட்டியின் தம்பி. இந்தச் சிப்பியின் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரில் மிதப்பது, பையின் மடிப்பில் தங்கும் ஒரு கை தண்ணீரே அதற்குப் போதும். மினசோட்டாவில் ஏரிக்கரையை விட்டுக் கிளம்பும் முன் வடிகால் அடைப்பைக் கழற்றி எல்லா நீரையும் வடித்தாக வேண்டும் என்பது சட்டம். கழற்றி எடுக்கும் பை இங்கே ஒரு விதத்தில் மேல். வெளியே எடுத்து, தலைகீழாகத் தூக்கி, வெயிலில் உலர்த்தலாம். படகோடு சேர்த்துக் கட்டிய தொட்டியில் மூலையில் நிற்கும் நீரை எட்டிப் பார்க்கக்கூட முடியாது.

அலைக்கும் ஒரு போக்கிடம் உண்டு. உயரம் இரட்டித்தால் அலை சுமந்து போகும் ஆற்றல் நான்கு மடங்கு. தாவியவர் தாவிவிட்டுப் போய்விடுவார், அலை கரைவரை போகும், நாணல் வேரைப் பறிக்கும், அடிச் சேற்றைக் கலக்கும். வெர்மான்ட் மாநிலம் 2024-ல் கொண்டுவந்த விதிப்படி இந்த வகை அலை விளையாட்டுக்குக் கரையிலிருந்து 500 அடி தூரம், 20 அடி ஆழம், அப்படிப்பட்ட நீர்ப்பரப்பு தொடர்ச்சியாக 50 ஏக்கர் வேண்டும். கரையில் குடியிருக்கும் மீன்கொத்திக்கும் ஏரியில் பங்கு உண்டென்று நினைப்பவன் நான், எனக்கு அந்த விதி நியாயமாகவே படுகிறது.

பம்பை எதிர்ப்பக்கம் சுழல விடுகிறார்கள். குழாய் ஒரு முறை துள்ளி, படகின் ஓரத்தில் நீர் கொட்டத் தொடங்குகிறது. பையின் மேல்முதுகு முதலில் குழிகிறது, பிறகு மடிப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. ஒருவர் பையை முழங்காலால் அழுத்திச் சுருட்டிக்கொண்டே வருகிறார். கடைசித் தண்ணீர் குழாயில் திக்கித் திக்கி வெளியேறுகிறது. வெளியே, காலையில் ஒட்டிய நாடா நீருக்கு மேலே ஏறி, ஈரம் சொட்டிக்கொண்டிருக்கிறது.